செய்தி வாசிப்போரும் செய்தியை உடையோரும்

ஒரு நாட்டிற் செய்தியை வாசிப்பவர் யார் என்பது பெரும் பேச்சாக அடிபடும்போது, அச்செய்தியை உடைமையாகக் கொண்டவர் யார் என்பது எங்கோ ஒரு மூலையில் மறைந்து கிடக்கிறது என்று நாம் ஐயுறலாம். ஐக்கிய அமெரிக்காவின் நகரத் தொலைக்காட்சி வரலாறு இவ்வையத்தை வலுப்படுத்துகிறது. அங்கு ஒவ்வொரு பெருநகரிலும் மூன்று நான்கு நிலையங்கள் ஒரே மணிக்கு உள்ளூர்ச் செய்தியை ஒளிபரப்புகின்றன. ஒரு நிலையத்தின் பிரதான அறிவிப்பாளர் இன்னொரு நிலையத்துக்கு மாறினால், அதுவே நகரப் பத்திரிகைகளிற் கொட்டை எழுத்துச் செய்தியாகிவிடும். நேற்றுவரை ஓர் அலைவரிசையிலே தீ விபத்தையும் மாநகரசபைச் சண்டையையும் சொன்னவர், சில மாதங்கள் கழித்து வேறோர் அலைவரிசையிலே அத்தகைய தீ விபத்தையும் அத்தகைய சண்டையையும் சொல்வார். எங்கே போனார், எவ்வளவு சம்பளம், யார் மனம் புண்பட்டது என்பவை வாரக்கணக்காக ஆராயப்படும். தீ ஏன் பிடித்தது, அக்கட்டடத்தின் சொந்தக்காரர் யார் என்பவை அவ்வளவு ஆராயப்படுவதில்லை.

இவ்விடயத்தை நோக்குவதற்குச் சிக்காகோ நகரம் மிகப் பொருத்தமானது. முகத்தை விற்கும் வித்தை அங்கே சீராக வளர்ந்தது; அவ்வித்தையை மறுத்து இரண்டு பேர் தம் ஆசனங்களை விட்டெழுந்ததும் அங்கேதான்; வியாபார நோக்கமற்ற பொதுசன நிலையமொன்று வார நாள்களின் இரவுகளில் உள்ளூர் விவகாரங்களைப் பொறுமையோடு பேசியதும் அங்கேதான். மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, தனிமனிதரின் நேர்மை எவ்வளவு தூரம் செல்லும், எவ்விடத்தில் அதற்கு மூச்சு முட்டும் என்பது புலனாகும்.

1968ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோம். சிக்காகோவின் 2ஆம் அலைவரிசை சி.பி.எஸ். கம்பனியின் சொந்த நிலையம். 1950களிலிருந்து அங்கே செய்தி கூறிவந்த பேஹி பிளின் என்பாரை நகரத்தார் தம் வீட்டு மனிதராகவே கருதினர். கழுத்திற் குறுகலான 'போ' பட்டி அணிவது அவர் வழக்கம். அது பழைய மோஸ்தர், நீண்ட கழுத்துப்பட்டி அணிய வேண்டும் என்று முகாமையாளர் விரும்பினர். பிணக்கு முற்றி, பிளின் ஏ.பி.சி. கம்பனியின் 7ஆம் அலைவரிசைக்குச் சென்றார். அவரோடு அந்தப் பட்டியும் சென்றது, பார்வையாளரும் சென்றனர்.

இதைக் கேட்போர் நகைப்பர். ஆனால் முகாமையாளர் அறிவிலிகள் அல்லர். அறிவிப்பாளரின் கழுத்துப்பட்டியும் சிரிப்பும் குரலும் தமது முதலீட்டின் பகுதி என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தார்கள். 7ஆம் அலைவரிசை அதை இன்னும் நன்றாக அறிந்தது. பிளினும் அவருடைய தோழர் ஜோயல் டேலியும், வானிலை கூறுபவரும் விளையாட்டுச் செய்தி கூறுபவரும் ஒரு குடும்பத்தினர் போலக் கூடியிருந்து, ஒரு செய்திக்கும் மறு செய்திக்கும் இடையே ஒருவரையொருவர் சீண்டிச் சிரித்தனர். 1970களின் தொடக்கத்தில் இம்முறைக்கு 'மகிழ்ச்சிப் பேச்சு' என்று பெயர் வந்தது. நாடெங்கும் நிலையங்கள் அதைப் பின்பற்றின.

மகிழ்ச்சிப் பேச்சை வெறும் இரசனைக் குறைவென்று தள்ளிவிடலாகாது. அது செய்தியின் அமைப்பையே மாற்றியது. ஒரு தொழிற்சாலை மூடப்படுகிறது. அடுத்த கணம் ஒரு சிரிப்பு. அதற்கடுத்து ஒரு கொலை. பின்னர் நாளைய மழை. இவற்றை இணைக்கும் நூல் எது? நிகழ்ச்சிகளின் காரண காரியத் தொடர்பு இணைத்திருக்க வேண்டிய இடத்தில், அறிவிப்பாளரின் முகம் வந்து அமர்ந்துகொண்டது. உலகம் சிதறுண்டு கிடக்கிறது, ஆயினும் இந்த நல்ல மனிதர் பத்து மணிக்குத் தவறாது வருகிறார் என்ற ஆறுதலைப் பார்வையாளர் பெற்றனர். அந்த ஆறுதல்தான் சரக்கு. அதை நாடி வந்த கண்களின் தொகைக்கேற்பச் சவர்க்காரக் கம்பனியிடமும் மோட்டார்க் கம்பனியிடமும் விலை வாங்கப்பட்டது. பெப்ரவரி, மே, நவம்பர் மாதங்களிற் பார்வையாளர் தொகை விசேடமாகக் கணக்கெடுக்கப்படும். விளம்பர விலை அதைக் கொண்டே நிர்ணயமாகும். ஆகவே அம்மாதங்களிற் செய்தியின் நிறமே மாறிவிடும் என்பதை அந்நாட்டுப் பார்வையாளர் அனுபவத்தில் அறிவர்.

முகம் சரக்கானபின் அதைத் தரம் பிரிக்க நிபுணர் தேவைப்பட்டனர். அயோவா மாநிலத்தைச் சேர்ந்த பிராங் மகிட் என்பவரின் ஆலோசனை நிறுவனம் இத்துறையிற் பேர்பெற்றது. எந்த அறிவிப்பாளரைப் பார்வையாளர் விரும்புகின்றனர், எவரை விரும்பவில்லை என்று கேட்டறிந்து நிலையங்களுக்கு விற்பது இவ்வகை நிறுவனங்களின் தொழில். இதன் கொடுமையைக் கன்சாஸ் நகரிற் கிறிஸ்டீன் கிறாப்ட் அனுபவித்தார். 1981இல் அவர் அறிவிப்பாளர் ஆசனத்திலிருந்து இறக்கப்பட்டார். வயது அதிகம், அழகு போதாது, ஆண்களிடம் பணிவு போதாது என்று பார்வையாளர் கூறியதாகத் தமக்குச் சொல்லப்பட்டது என அவர் வழக்குத் தொடர்ந்தார். இரண்டு ஜூரிகள் அவர் பக்கம் தீர்ப்பளித்தன. மேல் நீதிமன்றம் 1985இல் அதை மாற்றிவிட்டது. அப்பதவியிலிருந்து இறக்கப்பட்டபோது அவருக்கு வயது முப்பத்தேழைத் தாண்டவில்லை.

இத்தகைய அமைப்பிலிருந்து நல்லது எதுவும் விளையவில்லை என்று கூறினால் அது பொய்யாகும். நமது வாதத்துக்கும் அது துணை செய்யாது. பிளினை இழந்த 2ஆம் அலைவரிசை 1973இல் பில் கேர்ட்டிஸ், வோல்ட்டர் ஜேக்கப்சன் என்னும் இருவரை இணைத்து, செய்தியாளர் வேலை செய்யும் கூடத்திலிருந்தே செய்தியை ஒளிபரப்பியது. கேர்ட்டிஸ் 1978இல் தயாரித்த விவரணப் படம் ஒன்று, வியட்நாமில் அமெரிக்கப் படை தெளித்த 'ஏஜென்ட் ஒறேஞ்ச்' என்னும் களைகொல்லி அப்படையினரின் உடலையே எவ்வாறு கெடுத்தது என்பதை நாட்டின் முன் வைத்தது. ஒரு நகர நிலையத்தின் பணி அது. வியட்நாமிய விவசாயியின் உடலைப் பற்றி அது எவ்வளவு பேசியிருக்க வேண்டும் என்று நாம் கேட்கலாம். ஆயினும் தேசிய நிலையங்கள் கவனியாத ஒன்றை அது பேசியது. பயன் என்ன? கேர்ட்டிசின் புகழ் ஓங்கியது, 1982இல் சி.பி.எஸ். கம்பனி அவரை நியூயோர்க்குக்கு எடுத்துத் தேசியக் காலை நிகழ்ச்சியில் அமர்த்தியது. அந்த விவரணப் படத்தை ஆக்கிய ஆற்றலை அக்காலை நிகழ்ச்சி கேட்கவில்லை, முகத்தைக் கேட்டது. 1985இல் அவர் சிக்காகோவுக்கே திரும்பினார். பிற்காலத்தில் அவர் அறிவியற் பொருளில் நீண்ட நிகழ்ச்சிகளை ஆக்கியபோது அவற்றுக்கு இடம் கொடுத்தது பொதுசன ஒளிபரப்பு.

இனி 1997ஆம் ஆண்டுக்கு வருவோம். 5ஆம் அலைவரிசை என்.பி.சி.யின் நிலையம், என்.பி.சி.யோ 1986 முதல் ஜெனரல் இலெக்ட்ரிக் கம்பனியின் சொத்து. அங்கு இரவு பத்து மணிச் செய்தியைக் கரோல் மாரினும் ரொன் மேஜர்சும் 1985 முதல் கூறிவந்தனர். மாரின் தொலைக்காட்சிக்கு வருமுன் உயர்தரப் பாடசாலையொன்றில் ஆங்கிலம் கற்பித்தவர்; நகர அரசியலின் ஊழல்களைத் தேடி எழுதுவதில் தேர்ந்தவர். அவ்வாண்டு மே மாதக் கணக்கெடுப்பை முன்னிட்டு நிலையத்தார் ஒரு புதுமை செய்தனர். ஜெரி ஸ்பிரிங்கர் என்பவரைச் செய்திக்குள் கருத்துரை வழங்க அமர்த்தினர். கணவன் மனைவியரையும் கள்ளக் காதலரையும் மேடையில் ஏற்றி ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடிக்கச் செய்து உலகப் புகழ் பெற்ற நிகழ்ச்சியின் நாயகர் அவர்; அந்நிகழ்ச்சி சிக்காகோவில் என்.பி.சி. கோபுரத்திலேயே பதிவாகி வந்தது. மாரின் மறுத்தார். மே முதலாம் தேதி தம் இறுதிச் செய்தியைக் கூறி விடைபெற்றார். கூடத்திலிருந்த சக ஊழியர் எழுந்து நின்று கைதட்டினர். மே முதலாம் தேதி என்பது தற்செயல்தான். தொழிலாளர் தினத்தின் பிறப்பிடமான சிக்காகோவில் அத்தற்செயலை நாம் குறித்துக்கொள்வதிற் குற்றமில்லை. ஸ்பிரிங்கர் இரண்டு கருத்துரைகளோடு விலகினார். மேஜர்சும் அம்மாதமே நிலையத்தை விட்டு நீங்கினார்.

அமெரிக்கப் பத்திரிகைகள் இதனை நன்மைக்கும் தீமைக்கும் நடந்த போராகத் தீட்டின. மாரினின் செயல் மதிக்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஒரு பெரும் சம்பளத்தையும் நகரின் மிகப் பெரிய ஆசனங்களுள் ஒன்றையும் ஒரு கொள்கைக்காக விட்டெழுவோர் எத்தொழிலிலும் அரியர். ஆனால் அவர் தீயவரென்று காட்டப்பட்ட மனிதரைச் சிறிது உற்று நோக்குவோம். ஸ்பிரிங்கர் 1970களிற் சின்சினாட்டி நகரத்தின் மேயராக இருந்தவர். அதன்பின் அந்நகர நிலையமொன்றிற் செய்தி அறிவிப்பாளராகவும் கருத்துரையாளராகவும் பல ஆண்டு பணியாற்றி நன்மதிப்புப் பெற்றவர். அதாவது, 5ஆம் அலைவரிசை செய்திக்குள் அழைத்து வந்தவர் செய்தித் தொழிலுக்கு அந்நியர் அல்லர். அதே ஆலையில் உருவான இன்னொரு சரக்கு. மேயர், அறிவிப்பாளர், வேடிக்கை மேடையின் தலைவர் என்னும் மூன்றையும் ஒரே முகம் இடரின்றித் தாங்க முடிந்தது ஏன்? மூன்று இடங்களிலும் சந்தை கேட்டது முகமொன்றே. 'மகிழ்ச்சிப் பேச்சு' திறந்துவிட்ட வாயிலாகத்தான் ஸ்பிரிங்கர் வந்தார். வாயிலை யாரும் எதிர்க்கவில்லை; வந்தவரை எதிர்த்தனர்.

அதன்பின் நிகழ்ந்ததைக் கவனிக்க வேண்டும். மேஜர்ஸ் 7ஆம் அலைவரிசைக்குப் போனார். அது 1996 முதல் வோல்ற் டிஸ்னி கம்பனியின் கையில் இருந்தது. மாரின் 2ஆம் அலைவரிசைக்குப் போனார். அதை உடைய சி.பி.எஸ். அப்போது வெஸ்டிங்ஹவுஸ் கம்பனியின் சொத்து. ஜெனரல் இலெக்ட்ரிக்கும் வெஸ்டிங்ஹவுசும் ஒரு நூற்றாண்டாக மின்பொறிகளை விற்பதிற் போட்டியிட்ட இரு பேருருக்கள். அணு உலை விற்பதும் அவற்றின் தொழில். மனச்சாட்சிக்காக வெளியேறிய ஒருவர் செல்லத்தக்க இடங்களாக அந்நகர வர்த்தகத் தொலைக்காட்சி வைத்திருந்தவை இவையே: ஒரு மின்பொறிக் கம்பனியிலிருந்து மறு மின்பொறிக் கம்பனிக்கு, அல்லது கேளிக்கைப் பூங்காக் கம்பனிக்கு. இது மாரினின் குற்றமன்று. அவர் முன்னிருந்த தெரிவின் அகலம் அவ்வளவே.

2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் 2ஆம் அலைவரிசை துணிந்து ஒரு சோதனை செய்தது. இரவு பத்து மணிச் செய்தியை மாரின் ஒருவரிடமே ஒப்படைத்தது. செயற்கைச் சிரிப்பு அகற்றப்பட்டது. செய்திகள் அவற்றின் முக்கியத்துக்கேற்ப வரிசைப்பட்டன. நீண்ட அறிக்கைகள் இடம்பெற்றன. விடயத்தோடு தொடர்புடையோர் நேரிலே அழைத்து வினவப்பட்டனர். நாடெங்குமுள்ள பத்திரிகை விமர்சகர் அதை வாழ்த்தினர். அவ்வாண்டு ஒக்டோபரில், ஒன்பது மாதம் நிறையுமுன், நிலையத்தார் அதை நிறுத்திவிட்டனர். முன்னரே மூன்றாம் இடத்திற் கிடந்த நிலையம் அவ்விடத்தை விட்டு எழவில்லை என்பதே கூறப்பட்ட காரணம். இதற்கிடையில் சி.பி.எஸ். கம்பனியே வயகொம் என்னும் வேறோர் உடைமையாளரிடம் சேர்ந்துவிட்டிருந்தது.

'மக்கள் சிறந்ததை விரும்புவதில்லை' என்ற முடிவை இதிலிருந்து பலர் வருவித்தனர். மிகச் சௌகரியமான முடிவு! முப்பது ஆண்டுகளாக ஒரு நகரத்துக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டிவிட்டு, ஒன்பது மாதம் கஞ்சி கொடுத்து, பார்த்தீர்களா குடிக்க மாட்டேன் என்கிறார்கள் என்பது போன்றது அது. பழக்கம் உண்டாக்கப்பட்ட கால அளவையும் அதை மாற்றக் கொடுக்கப்பட்ட கால அளவையும் ஒப்பிடாத கணக்கு கணக்காகாது. மேலும், அக்கணக்கெடுப்பு எத்தனை பேர் பார்த்தனர் என்பதையே கூறும். பார்த்தோர் எதை அறிந்தனர் என்பதைக் கூறாது.

ஆனால் அந்நிகழ்ச்சியை விமர்சகராக நாம் நோக்கும்போது வேறொரு குறையும் தென்படுகிறது. அதன் பெயரிலேயே 'கரோல் மாரின் அறிவிக்கும்' என்ற அடைமொழி இருந்தது. முக வழிபாட்டை மறுக்க வந்த நிகழ்ச்சி, ஒரு முகத்தின் பெயராலேயே விற்கப்பட்டது. 1997இல் ஆசனத்தை விட்டெழுந்த வீராங்கனை என்ற புகழே மூலதனமாக முன்வைக்கப்பட்டது. கொள்கைக்காக வெளியேறியதும் ஒரு விற்பனைக் குறியாகிவிட்டது என்க. ஒருவேளை நிலையத்தாருக்கு வேறு மொழி தெரியாதிருக்கலாம். ஒரு கூட்டு உழைப்பின் விளைவாகிய செய்தியை—படப்பிடிப்பாளர், தேடுவோர், எழுதுவோர், தொகுப்போர் எனப் பலரின் உழைப்பை—ஒரு தனிமனிதரின் நாணயமாக மாற்றியே சந்தையில் வைக்க முடிந்தது. நாணயம் விலை போகவில்லை என்றதும் அத்தனை பேரின் உழைப்பும் ஒரே நாளில் நின்றது. பெயரின்றி வேலை செய்தவர்கள் எங்கு போனார்கள் என்று எந்தப் பத்திரிகையும் முதற்பக்கத்திற் கேட்கவில்லை.

நிற்க. சிக்காகோவில் இதே ஆண்டுகளில் வேறொரு நிலையம் இயங்கிவந்தது. அதைப் பேசுமுன் ஒரு சொல்லை விளக்கிக்கொள்வது நலம். அரசுக்குச் சொந்தமான நிலையமே பொதுசன நிலையம் என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். 1967இற் கூட்டுத்தாபனமாகிய நமது வானொலியும், 1982இல் வந்த ரூபவாகினியும் அவ்வெண்ணத்தை நமக்குத் தந்தன. அமெரிக்காவிற் பொதுசன ஒளிபரப்பு அரசின் குரல் அன்று. அஃது உள்ளூர்ச் சபைகளும் பல்கலைக்கழகங்களும் நடத்தும் நூற்றுக்கணக்கான நிலையங்களின் கூட்டம். பொதுசன நூலகத்தோடு ஒப்பிட்டால் விளங்கும்: வாசிப்பவரிடம் எதையும் விற்காத இடம்.

அந்த இடம் தானாகக் கிடைக்கவில்லை. ஒளிபரப்பு அனுமதிகளை வழங்கும் கூட்டாட்சி ஆணைக்குழுவின் முதற் பெண் உறுப்பினரான பிரீடா ஹெனொக் விடாது வாதாடியதன் பயனாக, 1952இல் 242 அலைவரிசைகள் கல்விக்கென ஒதுக்கப்பட்டன. அவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றுள் ஒன்றே சிக்காகோவின் 11ஆம் அலைவரிசை. 1955இல் அது ஒளிபரப்பத் தொடங்கியது. 1961இல் அதே ஆணைக்குழுவின் தலைவராயிருந்த நியூட்டன் மினோ, வர்த்தகத் தொலைக்காட்சியைப் பரந்த பாழ்நிலம் என்று அதன் உரிமையாளர் முகத்துக்கு நேரே கூறினார். அவரும் சிக்காகோக்காரரே, பின்னாளில் இந்நிலையத்தின் சபையிற் பணியாற்றினார்.

1984இல் இந்நிலையம் 'சிக்காகோ டுநைட்' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதை நடத்திய ஜோன் கலவேயும் வர்த்தக நிலையத்திலிருந்து வந்தவரே, சி.பி.எஸ். வானொலியில் வளர்ந்து 1974இல் இங்கு வந்தவர். நிகழ்ச்சியின் அமைப்பு எளியது. அன்றைய இரவுக்கு ஒரு விடயம். மேசையைச் சுற்றிச் சிலர். அரை மணி நேரம். பாடசாலை நிதியா, மாநகரசபைத் தகராறா, பொது வீடமைப்பா, எதுவாயினும் முன்கூட்டிப் படித்து வந்து வினவுவது கலவேயின் வழக்கம். விளம்பரத்துக்காக வாக்கியம் அறுபடுவதில்லை. மறுமொழி சொல்பவர் தடுமாறினால் தடுமாற்றமும் திரையில் நிற்கும். அவ்விடத்தில்தான் அந்நிகழ்ச்சியின் கலை இருந்தது என்பேன். மகிழ்ச்சிப் பேச்சில் மௌனத்துக்கு இடமில்லை. மௌனம் காசை விழுங்கும். ஒரு நகர அதிகாரி பதில் தேடும் நான்கு விநாடி மௌனம் பார்வையாளருக்கு எவ்வளவு செய்தி கூறும் என்பதை இவ்வகை நிகழ்ச்சியே காட்ட முடியும்.

அதற்கும் எல்லை உண்டு. மேசையைச் சுற்றி அமர்வோர் பெரும்பாலும் அதிகாரிகளும் பேராசிரியர்களும் பத்திரிகையாளரும். விவாதிக்கப்படும் வீட்டில் வாழ்பவர் மேசைக்கு வருவது அரிது. வந்தாலும் சாட்சியாக வருவாரேயன்றி, அலசுபவராக அன்று. நிலையத்துக்குப் பணம் தருவோர் சந்தாதாரர்களும் அறநிதியங்களும், நன்றி கூறும் பாவனையிற் பெயர் சொல்லப்படும் கம்பனிகளும். பணம் தருவோரின் இரசனை நிகழ்ச்சியின் சுவரிற் படியாமல் இராது. எனினும் பத்து மணிக் கணக்கெடுப்பு அதன் கழுத்தை நெரிக்கவில்லை. 1999இற் கலவே விலகியபோது நிகழ்ச்சி நிற்கவில்லை. பில் பொன்ஸ் அதைத் தொடர்ந்தார். ஒரு முகம் போனால் மறு முகம் வரும், மேசை இருக்கும். 2ஆம் அலைவரிசையில் ஒன்பது மாதத்தில் முடிந்ததற்கும் இங்கே பல்லாண்டு தொடர்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டை அறிவிப்பாளரின் ஆற்றலில் தேடிப் பயனில்லை. கரோல் மாரினே இதற்குச் சான்று: 2002இல் 2ஆம் அலைவரிசையை விட்ட அவர், மீண்டும் 5ஆம் அலைவரிசையில் அரசியற் செய்தியாளரானார், அதே காலத்தில் 'சிக்காகோ டுநைட்' நிகழ்ச்சியிலும் பல ஆண்டுகள் பணியாற்றினார். ஒரே மனிதர், ஒரே நகரம், ஒரே அரசியல். வர்த்தக நிலையத்தில் ஒன்றரை நிமிடம். பொதுசன நிலையத்திற் பேசி முடிக்கும் வரை.

ஆயின் அந்த மேசைக்கு விலை கொடுப்பவர் யார்? இக்கேள்விக்கு 1967இல் ஒரு நல்ல விடை முன்வைக்கப்பட்டது. கார்னேகி ஆணைக்குழு, விற்பனையாகும் ஒவ்வொரு தொலைக்காட்சிப் பெட்டியின் மீதும் நூற்றுக்கு 2 வீதத்தில் தொடங்கி 5 வீதம் வரை வரி விதித்து, அப்பணத்தை அரசியல்வாதிகளின் கைபடாத தனி நிதியாக வைக்க வேண்டும் என்றது. ஜனாதிபதி ஜோன்சன் அவ்வாண்டு நவம்பரிற் கையெழுத்திட்ட சட்டம் ஆணைக்குழுவின் ஏனைய யோசனைகளைப் பெரும்பாலும் ஏற்றது. அந்த வரியை மட்டும் விட்டுவிட்டது. பொதுசன ஒளிபரப்புக் கூட்டுத்தாபனம் பிறந்தது, ஆனால் அதன் உணவு காங்கிரஸ் சபையின் கையில் இருந்தது.

விளைவு தெரிய நெடுநாள் ஆகவில்லை. 1971இற் பொதுசன ஒளிபரப்பினர் என்.பி.சி.யிலிருந்து சான்டர் வனொக்கரையும், பி.பி.சி.யிலும் அதற்குமுன் என்.பி.சி.யிலும் பணியாற்றிய றொபேட் மக்னீலையும் தேசிய விவகார நிகழ்ச்சிக்கு அழைத்தனர். வனொக்கரின் ஆண்டுச் சம்பளம் 85,000 டொலர். காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் சம்பளத்தைப்போல் இருமடங்கு. நிக்சனின் வெள்ளை மாளிகை இவ்விருவரையும் பகைவராகக் கருதியது. அச்சம்பளத்தைக் கையில் எடுத்து ஊரெல்லாம் காட்டியது. 1972 ஜூன் முடிவில் இரண்டாண்டு நிதிச் சட்டமூலத்தை நிக்சன் நிராகரித்தார். பொதுசன நிலையத்தார் இங்கு சந்தையின் பழக்கத்தையே பின்பற்றிப் புகழ்பெற்ற முகத்தைப் பெருவிலைக்கு வாங்கினர். எதிரி அவர்களை அடிக்க எடுத்த தடியும் அதுவே. வனொக்கர் விலகினார். மறு ஆண்டு, வாட்டர்கேட் விசாரணையை நாள் முழுதும் ஒளிபரப்பி, வேலைக்குப் போய்வந்தோர் பார்க்குமாறு இரவில் மீண்டும் முழுமையாகக் காட்டியது அதே பொதுசன ஒளிபரப்பு. மேசையில் இருந்தவர்கள் மக்னீலும், டெக்சாஸ் மாநிலத்துப் பொதுசன நிலையத்திலிருந்து வந்த, அப்போது நாடறியாத ஜிம் லேரரும். நாளடைவில் அந்நாட்டின் மிக நிதானமான செய்தி நிகழ்ச்சியாகியது அவ்விருவரின் கூட்டே.

நிக்சனின் அனுபவத்துக்குப்பின் 1975இல் ஒரு பாதுகாப்புச் செய்யப்பட்டது. நிதியை இரண்டாண்டு முன்னதாகவே ஒதுக்கிவிடுவது. அப்போது ஆட்சியிலிருப்பவர் இன்றிரவு நிகழ்ச்சிக்காக நாளைக் காலை பணத்தை நிறுத்த முடியாது. அரை நூற்றாண்டு அது நின்றது. 2025 ஜூலையில் காங்கிரஸ் சபை அவ்வாறு முன்னதாக ஒதுக்கிய 110 கோடி டொலரையும் திரும்பப் பெறும் சட்டத்தை நிறைவேற்ற, ஜனாதிபதி ட்ரம்ப் கையெழுத்திட்டார். ஆண்டொன்றுக்கு ஓர் அமெரிக்கருக்கு ஒன்றரை டொலருக்குச் சற்று மேல் வரும் தொகை அது. சிக்காகோ போன்ற பெருநகர நிலையத்துக்கு அது வருமானத்தின் சிறு பங்கு. அலாஸ்காவிலும் பழங்குடி மக்கள் பிரதேசங்களிலும் உள்ள நிலையங்களுக்கு அதுவே உயிர்மூச்சு. கூட்டுத்தாபனம் ஆகஸ்டிலே தன் பணியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. 2026 ஜனவரியில் அதன் சபை கலைப்புக்கு வாக்களித்தது.

வர்த்தக நிலையங்களின் நிலையும் இதற்குள் வேறாகிவிட்டது. 2018இல் சின்கிளேர் என்னும் கம்பனி, தன் நிலையங்களின் பற்பல நகர அறிவிப்பாளர்களைக் கொண்டு, பொய்ச் செய்தியைக் கண்டிக்கும் ஒரே வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் வாசிக்கச் செய்தது. அப்படங்களை ஒருவர் அருகருகே ஒட்டிக் காட்டியபோது நாடே பார்த்தது: பல முகங்கள், ஒரு வாய். முகங்கள் அனைத்தும் அந்தந்த ஊரில் அன்பு பெற்ற முகங்கள். இடைநடுவில் விலகினால் கம்பனிக்கு இழப்பீடு கட்ட வேண்டும் என்று அவர்களிற் பலரின் ஒப்பந்தம் கூறியது. சிக்காகோவின் 9ஆம் அலைவரிசையை உடைய ட்ரிபியூன் நிறுவனத்தையும் அக்கம்பனி அவ்வேளை வாங்க முயன்றுகொண்டிருந்தது. அம்முயற்சி அவ்வாண்டு ஆகஸ்டிற் குலைந்தது.

ரொன் மேஜர்ஸ் 2016இல் 7ஆம் அலைவரிசையிலிருந்து ஓய்வு பெற்றார். கரோல் மாரின் 2020 தேர்தலுக்குப்பின் 5ஆம் அலைவரிசையையும் 11ஆம் அலைவரிசையையும் ஒருங்கே விட்டு விலகினார். 2016இலேயே அவரும், நெடுங்காலம் அவரோடு பெயர் தெரியாது உழைத்த தயாரிப்பாளர் டொன் மோஸ்லியும் சிக்காகோவின் டிபோல் பல்கலைக்கழகத்திற் பத்திரிகைத் தொழிலின் நேர்மையைக் கற்பிக்கும் நிலையமொன்றைத் தொடங்கியிருந்தனர். பாடசாலை ஆசிரியையாக வாழ்வைத் தொடங்கியவர் வகுப்பறைக்கே மீண்டார். டிபோல் ஒரு தனியார் பல்கலைக்கழகம். கட்டணம் செலுத்தியவர்களுக்கே அங்கு அவரிடம் கற்க முடிந்தது.